கிழக்கு கேலரி உட்காராது

அத்தியாயம் 11

போன வாரம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உருண்டோடிய பல் கிடைத்துவிட்டது. காலையில் பெருக்கும்போது துடைப்பத்தோடு வந்தது. ரெஃப்ரி அதைக் கழுவி, தீப்பெட்டிக்குள் போட்டு, புருஷனிடம் நீட்டினாள்.

“இதை வச்சு நான் என்ன பண்ண?” என்றான் போல்ட்டு. முன்பல் போன சந்து வழியாகக் காற்று புகுந்து, பாதி வார்த்தை வழுக்கியது.

“பத்திரமா வை. சாயங்காலம் இன்னொண்ணு விழுந்தா ஜோடியா இருக்கும்.”

தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அந்தப் பல்லின் கதை தெரியும். நடுவில் வந்து ஏறியவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் கால்பந்து கிளப் ஆறு வருஷத்தில் இரண்டு டிவிஷன் கீழே போனது. பழைய முதலாளி அதை உறிஞ்சிச் சக்கையாக்கிவிட்டுக் கிளம்பினார். மூன்று மாதத்துக்கு முன் புது நிர்வாகம் வந்தது. வந்த கையோடு நாற்பது பக்கத்தில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தது. ‘இந்த வருஷம் நிறைய தோற்போம். மூன்றாம் வருஷம் ஜெயிப்போம்’ என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். பொய் கேட்டே காது புளித்த ஊர், அந்த ஒரு உண்மையில் சொக்கிப்போனது.

ரெஃப்ரியின் அப்பாவுக்குத் திட்டம் முழுவதும் மனப்பாடம். அந்த மைதானத்தில் முப்பது வருஷம் கோடு போட்டவர், பெயரே சுண்ணாம்பு. புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யாராவது தோல்வியைப் பற்றி வாயைத் திறந்தால், “பதினாலாம் பக்கம் படிச்சியா?” என்பார்.

வம்பு ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. எல்லாக் கேலரியிலும் நாற்காலி வேண்டும் என்பது லீக் சட்டம். கிழக்கு கேலரியோ எழுபது வருஷமாக நின்றே ஆட்டம் பார்க்கிற கூட்டம். அங்கே உட்கார்ந்தவன் துரோகி. புது நிர்வாகம் ஒரு வழி கண்டுபிடித்தது. சட்டத்துக்காக நாற்காலி போடுவோம். ஒரு சீசன் முழுக்க ஒருவர்கூட உட்காரவில்லை, ஒரு சண்டைகூட நடக்கவில்லை என்று காட்டினால், லீகிடம் நாங்களே பேசி அத்தனையையும் கழற்றித் தருகிறோம் என்றது. லீகின் ஆள் கேமராவோடு வந்து, உட்கார்ந்த தலைகளை எண்ணுவான்.

ரெஃப்ரியின் தம்பி முரசு, கேலரிக்குத் தலைவன். வாரத்துக்கு ஆறு நாள் கிடங்கில் மூட்டை தூக்குவான், ஏழாவது நாள் கேலரியின் கீழ்ப்படியில் நின்று முரசடிப்பான். ஒன்பதாம் பக்கத்தில் ‘உட்காரக் கூடாது’ வரை படித்தவன், ‘சண்டை கூடாது’ என்ற இடத்துக்கு வருவதற்குள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டான்.

அவள் புருஷன் போல்ட்டு, அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளையும் தன் கையால் பொருத்திய மேஸ்திரி. போன வாரம் சாப்பிடும்போது, “வயசானவங்க நாலு பேர் உட்கார்ந்தா என்ன குடி முழுகிடும்?” என்று சொல்லித் தொலைத்தான். முரசின் கையிலிருந்து எவர்சில்வர் டம்ளர் பறந்தது. பல் போனது.

நால்வரும் ஒரே வீடு, ஒரே வாசல். இன்று சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம். இந்த மூன்று ஆண்களும் சாயங்காலம் முழுசாக வீடு திரும்ப வேண்டும். ரெஃப்ரிக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

---

அந்த ஆசையில் காலை ஏழு மணிக்கே ஓட்டை விழுந்தது.

குளியலறை வாசலில் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கை நெஞ்சில். முகம் அவர் பெயருக்கு ஏற்ற நிறத்தில் இருந்தது.

“என்னப்பா?”

“வாயு.”

“வாயுவுக்கு இப்படியா வேர்க்கும்? ஆஸ்பத்திரிக்குப் போலாம், வாங்க.”

“நாளைக்குப் போலாம். இன்னைக்கு முதல் ஆட்டம்டி. உன் தம்பி காதுல போட்டுடாதே. அவனுக்குத் தெரிஞ்சா கதவைச் சாத்திப் பூட்டிடுவான்.”

உண்மைதான். ஊரையே அடிக்கிற முரசு, அப்பாவின் இருமலுக்குப் பயப்படுவான். ரெஃப்ரி யோசித்தாள். ஆட்ட நாளில் அப்பாவைப் பூட்டி வைத்தால் அதிலேயே அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

“சரி, சொல்லல. ஆனா நான் உங்ககூடவே வருவேன். வலி வந்தா அந்த நிமிஷமே உட்காரணும்.”

“கிழக்கு கேலரியிலயா?” அப்பாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“எங்க இருந்தாலும். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.”

அவர் செய்தார். அந்தச் சத்தியத்தை வாங்கியதற்காக அவள் அன்று முழுவதும் தன்னையே கடித்துத் தின்னப்போகிறாள் என்பது அப்போது தெரியவில்லை.

---

ரெஃப்ரிக்குக் கறிக்கடையில் வேலை. இருபது வருஷமாக வெட்டுகிறாள். எலும்பை எங்கே தட்டினால் என்ன சத்தம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அன்று அரை நாள் கடை. பத்து மணிக்கு முரசு வந்து நின்றான். தோளில் முரசு, கையில் அதை அடிக்கும் கட்டை. கட்டையின் முனையில் தோல் சுற்றியிருந்தது, உள்ளே இரும்பு.

“அக்கா, புது கோச் நம்ம அகாடமிப் பசங்க நாலு பேரை இறக்கறாராம். பத்தொன்பது வயசு! பழைய ஆளா இருந்தா கிழவனுங்களா வாங்கிக் குவிச்சிருப்பான். இப்பதான் நம்ம கிளப்புக்கு ஒரு வழி தெரியுதுக்கா.” அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது. இத்தனை பெரிய உடம்பில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் பார்த்து வருஷமாகிறது.

“மாமாகிட்ட மன்னிப்புக் கேட்டியா?”

“அந்த ஆளு நாற்காலியை முதல்ல கழட்டட்டும், கேக்கறேன்.”

அவள் தொடைக்கறியை மரத்துண்டின் மேல் போட்டாள். கத்தி மூட்டில் இறங்கியது, கால் தனியாக வந்தது. “இன்னைக்குக் கை நீட்டாதே. ஒன்பதாம் பக்கத்துல ரெண்டாவது வரியும் இருக்கு, மறந்துடாதே.”

“யாரும் உட்கார மாட்டாங்கக்கா. உட்காராத வரைக்கும் என் கை சும்மா இருக்கும்.”

“உட்கார்ந்தா?”

“அஞ்சு வருஷக் கனவை ஒருத்தன் ஒரு நிமிஷத்துல மிதிச்சா, நான் வேடிக்கை பார்க்கவா?”

அப்பாவின் நெஞ்சுவலி அவள் நாக்கு நுனிக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். அதற்குள் ஒரு கிழவி கால் கிலோ ஈரல் கேட்டாள். முரசு முரசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

---

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நிர்வாகம் வாசலில் எல்லோருக்கும் பச்சை மழைக்கோட்டு இலவசமாகக் கொடுத்தது. பழைய முதலாளி மழையில் குடை வாடகைக்கு விட்டவர். கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு, “பாத்தியா, பாத்தியா” என்று ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டது. தலையை மூடும் தொப்பியோடு, கிழக்கு கேலரி முழுக்க ஒரே நிறம். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது.

ரெஃப்ரி அப்பாவோடு பதினெட்டாம் வரிசையில் நின்றாள். கழுத்தில் விசில் தொங்கியது. அவள் பட்டப்பெயருக்கு அந்த விசில்தான் காரணம். சின்ன வயதில் தம்பி யாரைக் கடிக்கப் போனாலும் அவள் ஓடிப்போய் விலக்குவாள். அப்பா மைதானத்திலிருந்து ஒரு பழைய விசிலைக் கொண்டுவந்து கொடுத்தார். அது ஊதினால் முரசு எதை ஓங்கியிருந்தாலும் இறக்கிவிடுவான். முப்பது வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வாரம் டம்ளர் பறந்தபோது விசில் ஆணியில் மாட்டியிருந்தது, அதுதான் தப்பு.

கீழே முரசு மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கேலரியைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் மைதானம் முழுக்கப் பதினோராயிரம் தொண்டைகள் அதிர்ந்தன. பக்கவாட்டுப் படியில் ஆரஞ்சு நிற மேல்சட்டையில் போல்ட்டு. நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ள அவனை நிர்வாகம் அங்கேயே நிறுத்தியிருந்தது. ஒவ்வொரு நாற்காலியின் மேலும் இரண்டு காலால் ஏறிக் குதித்துப் பார்த்துத்தான் அவன் விட்டிருந்தான்.

இடைவேளைக்குப் பிறகு பத்தாவது நிமிஷம், அப்பா அவள் கையைப் பிடித்தார். பிடித்த கை ஜில்லென்று இருந்தது.

“வந்துடுச்சு,” என்றார்.

“உட்காருங்கப்பா.”

“எல்லாரும் பாக்கறாங்கடி.”

“சத்தியம் பண்ணீங்க. உட்காருங்க! தண்ணி வாங்கிட்டு, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்.”

அவர் உட்கார்ந்தார். எழுபது வருஷத்தில் அந்தக் கேலரியில் உட்கார்ந்த முதல் ஆள், அதன் எதிரிலேயே முப்பது வருஷம் கோடு போட்டவர். தொப்பி முகத்தை மறைக்க, தலை குனிந்துவிட்டது. ரெஃப்ரி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள்.

அவள் கீழ்ப்படிக்கு வந்தபோது முரசுச் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். லீகின் கேமராக்காரன் பதினெட்டாம் வரிசையை நோக்கிக் கேமராவைத் தூக்கியிருந்தான். நிற்கிற பச்சைக்கு நடுவில் உட்கார்ந்த ஒரு பச்சை. முரசு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தான், கையில் கட்டை.

அவள் விசிலை வாயில் வைத்து, உயிரைத் திரட்டி ஊதினாள்.

அதே நொடியில் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் பந்தை வலைக்குள் அடித்தான். புது நிர்வாகத்தின் முதல் கோல். கிழக்கு கேலரி வானத்தைப் பிய்த்துக்கொண்டு கத்தியது. முன்பின் தெரியாதவர்கள் முத்தமிட்டுக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் விசில் செத்துப்போனது.

“எழுந்திருடா!” முரசின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. கட்டை இறங்கியது. மறுபடி இறங்கியது.

பதினோராயிரம் பேர் கத்தினாலும் அந்தச் சத்தம் அவள் காதுக்குத் தப்பாது. இரும்பு எலும்பில் விழுந்த சத்தம் அது.

தொப்பி கழன்று நரைத்த தலை வெளியே வந்தது. அந்த நரையில் சிவப்பு வேகமாகப் பரவியது. முரசு கட்டையை ஓங்கியபடி அப்படியே நின்றான்.

“அப்பா?” என்றான்.

அடுத்த மூச்சில் போல்ட்டு இரண்டு வரிசையைத் தாண்டிப் பாய்ந்து அவன் மேல் விழுந்தான். “பெத்த அப்பனையாடா! பெத்த அப்பனையாடா!” என்று கத்திக்கொண்டே முகத்தில் குத்தினான். முரசு கையைத் தூக்கவில்லை. வாங்கிக்கொண்டே இருந்தான், வாயெல்லாம் ரத்தம்.

கேலரி பார்த்தது வேறு. ஆரஞ்சுச் சட்டை போட்ட நாற்காலிக்காரன், தங்கள் தலைவனை மிதிக்கிறான். நாற்பது பேர் பாய்ந்தார்கள். போல்ட்டின் மூக்கு ஒரு முழங்கையில் நொறுங்கியது. ஒருவன் அவன் தலைமுடியைப் பிடித்து இரும்புக் கம்பியில் மோதினான். இன்னொருவன் ஆயுதம் தேடி நாற்காலியை ஆட்டினான், அது அசையவில்லை. ஆறு பேர் சேர்ந்து தொங்கி, காங்கிரீட்டோடு பிடுங்கினார்கள். பிறகு வரிசை வரிசையாகப் பிடுங்கினார்கள். நாற்காலிகள் தலைகளுக்கு மேலே பறந்தன, லீகின் கேமராவும் அதில் நொறுங்கியது.

ரெஃப்ரி அதற்குள் நுழைந்தாள். ஒருவன் வழிமறித்தான், அவன் கட்டைவிரலை மூட்டில் பிடித்துப் பின்னால் மடித்தாள், மூட்டு விட்டது. அடுத்தவனின் முழங்கால் சிப்பியில் உதைத்தாள். அப்பாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து திட்டப் புத்தகம் நழுவி மழைத் தண்ணீரில் விழுந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

---

ஆஸ்பத்திரியில் மணி ஆறு. அப்பாவுக்குத் தலையில் பதினெட்டுத் தையல். மண்டையோட்டில் விரிசல், உள்ளே கசிவில்லை. இதயத்தில் அடைப்பு, அதற்கு நாளைக் காலை ஆபரேஷன். “நினைவு இருக்கு, பேசலாம். ரொம்பப் பேச வைக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

ஒன்பதாம் பக்கத்தின் இரண்டு வரியையும் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் கிழிந்துபோனது. உட்கார்ந்தாகிவிட்டது, சண்டையும் நடந்தாகிவிட்டது. முரசைக் காணவில்லை. போல்ட்டு மூக்கில் பஞ்சோடு கட்டில் ஓரமாக நின்றான்.

பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் நோட்டோடு வந்தார். “ஐயா, உங்களை அடிச்சது யாருன்னு பார்த்தீங்களா?”

அப்பா கண்ணைத் திறந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, ஆனால் தடுமாறவில்லை.

“யாரும் அடிக்கலம்மா. நாற்காலி கழண்டுச்சு. பின்னாடி சாஞ்சேன், பெயர்ந்துக்கிட்டு வந்துடுச்சு. படி முனையில தலை பட்டுச்சு.”

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

“அந்த வரிசையைப் பொருத்தினது யாரு?”

“நான்தாங்க,” என்றான் போல்ட்டு.

“சரியா முடுக்கினீங்களா?”

போல்ட்டு மாமனாரைப் பார்த்தான். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறிக் குதித்துப் பார்த்த எண்ணூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளையும் அவன் தொண்டைக்குள் விழுங்குவது ரெஃப்ரிக்குத் தெரிந்தது.

“மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றான்.

“அப்போ கேஸ் உங்க மேலயும் கிளப் நிர்வாகத்து மேலயும்தான் வரும். அலட்சியமான வேலை. கேலரியை இன்னைக்கே சீல் வைப்பாங்க. அந்த நிர்வாகம் தாக்குப் பிடிக்குமான்னு சொல்ல முடியாது.” இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார்.

அப்பாவின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. அவருக்குத் தெரிந்துதான் சொன்னார். மேசை மேல் பிளாஸ்டிக் பையில் திட்டப் புத்தகம் ரத்தத்தில் ஊறிக் கிடந்தது. ஊரெல்லாம் சுற்றி ‘பொறுமையா இருங்க, நல்ல ஆளுங்க’ என்று சொன்னவர், அந்த நல்ல ஆட்களையும் மருமகனையும் ஒரே வாக்கியத்தில் பிள்ளைக்காகக் காவு கொடுத்துவிட்டார்.

“நீங்க பொண்ணா? நீங்களும் அங்கதான இருந்தீங்க. ஐயா சொன்னது சரியா?”

பேசாமல் தலையாட்டினால் போதும். தம்பி தப்பிவிடுவான், அப்பா நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போவார். புருஷன் முணுமுணுக்காமல் உள்ளே போவான். மூக்கு உடைந்த அந்த மனுஷனை அவள் பார்த்தாள். அவன் பரவாயில்லை என்று கண்ணால் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“நாற்காலி கழலல,” என்றாள். “அதைக் கூட்டம் அப்புறமாப் பிடுங்குச்சு. நான் கீழ்ப்படியில நின்னு பார்த்தேன். அடிச்சது என் தம்பி. முரசடிக்கிற கட்டையால, ரெண்டு அடி. அப்பாவை உட்காரச் சொன்னது நான். அதையும் எழுதிக்குங்க.”

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பினார். அத்தனை வலியிலும் அவர் பார்வையில் இருந்தது கோபம் மட்டும்தான்.

“அந்த விசில் நான் குடுத்தது,” என்றார். “இங்க வச்சிட்டுப் போ.”

அவள் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். மேசையில் வைக்கப் போனவள் கதவுப் பக்கம் ஏதோ அசைவதைக் கண்டு திரும்பினாள். பச்சை மழைக்கோட்டில் தண்ணீர் சொட்ட, உதடு கிழிந்து, முரசு வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தானோ. எல்லாவற்றையும் கேட்டுவிட்டான் என்பது முகத்திலேயே இருந்தது.

“அக்கா,” என்றான். அவ்வளவுதான். திரும்பி ஓட ஆரம்பித்தான்.

“பிடிங்க!” என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். நடைபாதையின் கோடியில் படிக்கட்டு, அதைத் தாண்டினால் தெரு.

விசில் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ரெஃப்ரி அதை வாயில் வைத்து ஊதினாள். அமைதியான ஆஸ்பத்திரியில் அது சுவரெல்லாம் மோதித் திரும்பியது.

இந்தத் தடவை அவனுக்குக் கேட்டது. முதல் படியில் ஒரு காலை வைத்தபடி முரசு நின்றுவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த படிக்கு இறங்கவும் இல்லை.